பாட்டுக்கு முன்னால் ஏழு விநாடி

அரை ஷட்டர் இசைக்குழுவின் முதல் கேசட் வெளிவந்த வாரத்தோடு மெக்கானிக் ஷெட்டின் இரும்பு ஷட்டர் சத்தம் போடுவதை நிறுத்திக்கொண்டது. தூக்கினாலும் இறக்கினாலும் தெருவையே எழுப்பிவிடும் ஷட்டர் அது. பதினோரு வருடமாக எதிர் வீட்டுக்காரர் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் படுக்கையை விட்டு எழுந்து வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். இரண்டு நாள் தாமதமாகப் போய் மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு, மூன்றாம் நாள் நேரில் வந்து என்ன ஏது என்று விசாரித்தார். கிரீஸ் ஒரு பொட்டுகூடத் தடவவில்லை என்று மெக்கானிக் சத்தியம் பண்ணினார். பிறகு ஏதோ தோன்றி, கேசட்டைப் போட்டுக் காட்டினார். முதல் பாட்டு தொடங்குவதற்கு முன்னால் ஷட்டர் இறங்கும் சத்தம், கடைசியில் அதிர்ந்து நிற்பது வரை, அதில் ஒழுங்காக இருந்தது. "அதான் அங்க இருக்கே, அப்புறம் இங்க எப்படி இருக்கும்?" என்று சொல்லிவிட்டு எதிர் வீட்டுக்காரர் போய் ஓர் அலாரம் கடிகாரம் வாங்கிக்கொண்டார்.

குழுவில் நாலு பேர். டிரம்ஸ் அடித்தது மெக்கானிக். ஸ்பேனர் பிடித்த கை என்பதால் அடி கொஞ்சம் பலமாகவே விழும். பாடியது அவர் மனைவி. வாரநாட்களில் ஒரு மருந்துக் கடையில் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுப்பவள். கிட்டார் வாசித்தது அவளுடைய தம்பி, வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதுகிறவன். பேஸ் கிட்டார், பக்கத்துக் கடைத் தையல்காரர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு வாசிப்பார்கள். முழுக்கத் திறந்திருந்தால் யாராவது வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவார்கள், முழுக்க மூடினால் மூச்சு முட்டும். குழுவின் பெயர் வந்த கதை அவ்வளவுதான். எந்தக் கம்பெனியும் அவர்களைத் தேடி வரவில்லை, அவர்களும் எந்தக் கம்பெனியின் வாசலிலும் போய் நிற்கவில்லை. மூடிப்போன வானொலி நிலையம் ஒன்று பழைய சாமான்களைக் கழித்துக்கட்டியபோது மெக்கானிக் நாடாச் சுருளில் ஒலி பதியும் ஒரு ஸ்பூல் ரெக்கார்டரைத் தூக்கி வந்து, பெல்ட்டை மாற்றி ஓட வைத்தார். அதில் பதிந்து, அதிலிருந்து கேசட்டுகளில் இறக்கி, கேட்டவர்கள் கையில் கொடுத்தார்கள்.

அந்த மெஷின் எதைப் பிடித்ததோ அதைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. முதல் கேசட்டில் ஆம்ப்ளிஃபயரின் உறுமல் முழுவதும் போய்விட்டது. அதற்குப் பிறகு தம்பி எந்தக் குமிழைத் திருகினாலும் கிட்டார் நல்ல பிள்ளையாக மணி மணியாகத்தான் பேசியது. அதனால் இரண்டாவது கேசட் சுத்தமான ஒலியில் வந்தது. சிறுபத்திரிகையில் இசைப் பகுதி எழுதும் விமர்சகர், குழுவின் ஒலி முதிர்ந்திருக்கிறது என்று ஒன்றரைப் பக்கம் எழுதினார். "முதிரல, தீந்துபோச்சு" என்றார் தையல்காரர். பதிந்த பாட்டுகளும் அப்படியே. ஒருமுறை நாடாவில் ஏறிய பாட்டை அவர்களால் மறுபடி வாசிக்க முடியாது. விரல் நகரும், வாய் அசையும், சத்தம் வராது. கல்லூரி மேடைகளில் பிள்ளைகள் பழைய பாட்டைக் கேட்டுக் கத்துவார்கள். இவர்கள் தலையைக் குனிந்துகொண்டு புதுப் பாட்டை ஆரம்பிப்பார்கள். திமிர் பிடித்த கூட்டம் என்று பெயர் வந்தது. ஒருநாள் தையல்காரர் கை தவறி, கேசட்டில் இறக்காத ஒரு ஸ்பூலின் வால் பக்கத்தை அழித்துவிட்டார். மறுநாள் காலையில், அந்த வால் பக்கத்தில் பதிந்திருந்த காற்றடிக்கும் கம்ப்ரஸர், ஒரு மாத மௌனத்துக்குப் பிறகு, பழையபடி கடகடத்தது. அழித்தால் திரும்பி வரும் என்பது அப்படித்தான் தெரிந்தது. அதிலிருந்து ரெக்கார்டருக்கு மேலே ஒரு சிவப்பு பல்பு மாட்டினார்கள். அது எரியும்போது யாரும் வாயைத் திறக்கக்கூடாது, தும்மல் வந்தால்கூட வெளியே ஓடிவிட வேண்டும்.

ஆனால் மெக்கானிக்குக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்த வண்டி வந்தாலும் ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டு, அதன் பிறகுதான் கை வைப்பார். எஞ்சின் சூடேறாமல் அதன் மனசு தெரியாது என்பார். ரெக்கார்டரையும் அவர் அப்படித்தான் நடத்தினார். பாட்டுக்கு முன்னால் நாடாவைச் சற்று நேரம் வெறுமனே ஓடவிடுவார். மூன்றாவது கேசட்டின் முதல் பாட்டுக்கு அப்படி நாடா ஓடிக்கொண்டிருந்தபோது, அவருடைய மூன்று வயது மகள் பாதி ஷட்டருக்கு அடியில் குனியாமலே நுழைந்து வந்தாள். கேசட் வேலை முடியும்வரை குழந்தையை வைத்துக்கொள்வதற்காக மனைவியின் அக்கா வந்து வெளியே காத்திருந்தாள். கிளம்புவதற்கு முன்னால் சொல்லிக்கொள்ள வந்த குழந்தை, மைக்குக்கு முன்னால் நின்றவளைப் பார்த்து "அம்மா" என்றது. அம்மாவின் தலைக்கு மேலே சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. அவள் பதில் சொல்லாமல் உதட்டில் விரலை வைத்தாள். குழந்தையும் தன் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு, பெரிய மனுஷி போலத் தலையாட்டிவிட்டு, வந்த வழியே போனது. கிட்டார் தொடங்கியது. எல்லாம் சேர்த்து ஏழு விநாடி.

போட்டுக் கேட்டபோது தையல்காரர் அதை வெட்டிவிடச் சொன்னார். மெக்கானிக்குக்கு வெட்ட மனசு வரவில்லை. அந்த ஒரு சொல்லும், அதற்குப் பிறகு விழும் சின்ன மௌனமும், அந்த மௌனத்தின் மேல் வந்து இறங்கும் கிட்டாரும், தன் வாழ்நாளில் பதிந்தவற்றிலேயே நல்லது என்று அவருக்குப் பட்டது. அது உண்மையும்கூட. "ஒரு தடவ கூப்பிட்டதுதானே போகும், நாளைக்கு நூறு தடவ கூப்பிடுவா" என்றார். மூன்று வாரம் உட்கார்ந்து எண்பது கேசட்டுகளில் இறக்கினார்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் மெக்கானிக் பென்சிலால் எண் போட்டார். எண்பதும் கை மாறிப் போயின. அக்கா வீட்டில் குழந்தை தன்னைப் பெரியம்மா என்று கூப்பிடாமல் "பெரிய, பெரிய" என்று அரைகுறையாகக் கூப்பிட்டுக்கொண்டு திரிந்ததை அக்கா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, சோம்பல் என்று நினைத்தாள். மூன்றாம் வாரக் கடைசியில் வீட்டுக்குக் கூட்டி வந்தாள். குழந்தை வாசலிலிருந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வந்து, தாயின் முன்னால் நின்று, வாயைத் திறந்தது. உதடு குவிந்து விரிந்தது. எதுவும் கேட்கவில்லை. தண்ணி, பொம்மை, அப்பா, எல்லாம் வந்தது. அந்த ஒன்று வரவில்லை.

மெக்கானிக் அன்றைக்கே ஸ்பூலில் அந்த ஏழு விநாடியை அழித்தார். மறுநாள் கூப்பிட முயன்ற மகளின் வாயிலிருந்து கண்ணாடியை மங்கவைக்கும் அளவுக்கு மூச்சு வந்தது, அதோடு சரி. மீதி எண்பது கேசட்டுகளிலும் பங்காகிப் போயிருந்தது. சின்னக் கேசட் ரெக்கார்டர் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, யார் யாருக்குக் கொடுத்தோம் என்று நினைவில் தேடித் தேடி, அவர் வீடு வீடாக ஏற ஆரம்பித்தார். பாட்டு எதையும் தொட மாட்டேன், முன்னால் ஏழு விநாடி மட்டும் அழித்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினார். ஆனால் அந்தக் கேசட்டில் ஜனங்களுக்குப் பிடித்ததே அந்த ஏழு விநாடிதான். "பாட்ட வேணா எடுத்துக்குங்க, அத மட்டும் விட்ருங்க" என்று ஒரு பல் டாக்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார். குழந்தையைப் பற்றிச் சொன்னால் சிலர் நம்பிக் கொடுத்தார்கள், சிலர் நம்பியும் கொடுக்கவில்லை. ஒருவருடைய கேசட் காருக்குள் வெயிலில் உருகிப்போனது. அன்று மத்தியானம் குழந்தை வாய் திறந்தபோது அருகில் இருந்த கொசு ஒன்று விலகிப் பறந்ததை மெக்கானிக் தன் கண்ணால் பார்த்தார்.

கொடுக்க மறுத்தவர்களுக்கு ஈடாக வேறு ஒலி தருவது என்று முடிவாயிற்று. யாரிடமும் இல்லாத ஒன்று, அவர்களுக்கென்றே ஒற்றைப் பிரதியாக. அரை ஷட்டர் குழுவின் பிற்காலப் பதிவுகள் என்று விமர்சகர் கொண்டாடி எழுதியதெல்லாம் இப்படிப் பண்டமாற்றில் போனவைதான். முதலில் தம்பியின் கிட்டார், தந்தி தந்தியாகப் போனது. ஆறு தந்தியும் ஊமையான பிறகு அவன் அதை ஆணியில் மாட்டிவிட்டு, "அக்கா, எங்கிட்ட வேற ஒண்ணும் இல்லக்கா" என்று அழுதான். தையல்காரர் பேஸைக் கொடுத்தார், பிறகு தையல் மெஷினின் சத்தத்தையும் கொடுத்தார். மெஷின் இப்போதும் சத்தமில்லாமல் தைக்கிறது, வாடிக்கையாளர்களுக்கு அது பிடித்தே இருக்கிறது. மெக்கானிக்கின் டிரம்ஸ் போயிற்று, பிறகு கார் பானட்டில் தட்டும் தாளம், பிறகு மேஜையில் விரல் தட்டும் தாளம். ஒவ்வொரு பதிவும் முந்தையதைவிட மெலிந்துகொண்டே வந்தது. இவ்வளவு குறைவான ஒலியில் இவ்வளவு சொல்ல இந்தக் குழுவால்தான் முடியும் என்று விமர்சகர் எழுதினார். ஆண்டுகள் போயின. மகள் பள்ளிக்கூடம் போனாள், தாயைக் கூப்பிட வேண்டுமென்றால் புடவைத் தலைப்பைப் பிடித்து இரண்டு தரம் இழுத்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் மெக்கானிக் எதையாவது தேடுவது போல வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார்.

மற்றவர்களிடம் எல்லாம் தீர்ந்தபின் மனைவியின் முறை வந்தது. அவள் பாட்டுகளைக் கொடுத்தாள், பாட்டுகள் முடிந்ததும் முணுமுணுப்பைக் கொடுத்தாள், சிரிப்பைக் கொடுத்தாள். சிரிப்பு ஒரு லாரி கம்பெனி முதலாளியிடம் போயிற்று. அதற்குப் பிறகு அவள் சிரித்தால் தோள் மட்டும் குலுங்கும். விமர்சகர் கையிலும் மூன்றாவது கேசட் ஒன்று இருந்தது. இத்தனை எழுதியவர், இதுவரை எந்தப் பாடகியும் பதியாத ஒன்று வேண்டும் என்று நிபந்தனை போட்டார். அவள் மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, கணவரை மட்டும் ரெக்கார்டருக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, பல்பு எரிந்ததும் அவரைத் திட்ட ஆரம்பித்தாள். அதுவரை அந்த விஷயத்துக்காக அவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை அவள். "நாளைக்கு நூறு தடவ கூப்பிடுவான்னு சொன்னீங்களே, எங்கங்க அந்த நூறு? ஒண்ணு காட்டுங்க பாப்போம். உங்களுக்குப் பாட்டுக்கு முன்னாடி நல்லா இருந்துச்சு, இல்ல? எம்புள்ள வாய அழகு பாக்குறதுக்கா நான் பெத்தேன்?" என்று தொடங்கி நாற்பத்தைந்து நிமிடம், நாடாவின் ஒரு பக்கம் தீரும்வரை, மூச்சு வாங்க மட்டும் நிறுத்தித் திட்டினாள். கடைசியில் தன்னையும் திட்டிக்கொண்டாள். "பதில் சொல்லாம வெரல வச்சேனே, நான் என்ன பொம்பள." மெக்கானிக் காதில் ஹெட்ஃபோனுடன், ஒலியளவு முள்ளைப் பார்த்துக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தார். நாடா முடிந்ததும் அவளுடைய கோபத்துக்குக் குரல் இல்லாமல் போயிற்று. பெண்டாட்டியிடம் திட்டே வாங்காத மனுஷன் என்று தெருவில் அவர்மேல் பொறாமைப்பட்டார்கள். ஒரே ஒரு தடவை திட்டு வாங்கினால் போதும் என்று பிற்பாடு அவர் ஏங்கிய நாட்கள் உண்டு. குழுவின் ஆகச் சிறந்த படைப்பு அதுதான் என்று விமர்சகர் எழுதினார்.

பதினான்காம் வருடம், எழுபத்தொன்பதாவது கேசட்டையும் அழித்து முடித்தார்கள். அன்று மகளின் தொண்டையில் கை வைத்துப் பார்த்தால் ஒரு சின்ன அதிர்வு தெரிந்தது. காதை வாயருகே கொண்டுபோனால் மட்டும் ஏதோ கேட்டது. எழுபத்தொன்பது போய் ஒன்று மிச்சம், ஆனாலும் இவ்வளவுதானா என்று மெக்கானிக் இடிந்துபோய் உட்கார்ந்தார். அப்போதுதான் எண்களைப் பார்த்தார். வராமல் நின்றது முதல் பிரதி. ஸ்பூலில் இருந்து முதலில் இறக்கியதற்குத்தான் அந்தச் சொல்லின் பெரும்பங்கு போயிருக்கிறது, மற்றதெல்லாம் அதன் மிச்சம் மீதி. முதல் பிரதியை யாருக்குக் கொடுத்தோம் என்று மூன்று நாள் மண்டையைக் குடைந்துகொண்டார். நாலாம் நாள் ஒரு ஸ்கூட்டரின் பிரேக் கம்பியை மாற்றும்போது கைக்கு நினைவு வந்துவிட்டது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் டைப் அடிக்கும் ஓர் அம்மாள். பிரேக் சரிபண்ண வந்து காத்துக்கொண்டிருந்தார், பொழுது போகட்டும் என்று இவர்தான் கையில் கொடுத்தார்.

டைப்பிஸ்ட் மூன்றாவது மாடியில் ஒற்றை அறையில் இருந்தார். யாரும் இல்லை அவருக்கு. பெற்றவள் முகம் தெரியாது, கட்டிக்கொள்ளவும் இல்லை. மெக்கானிக் விஷயத்தைச் சொன்னதும் கதவைச் சாத்திவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவியும் மகளும் போனார்கள், மெக்கானிக் வாசற்படியோடு நின்றுகொண்டார். பதினேழு வயதுப் பெண் தன் முன்னால் நின்று வாய் திறப்பதையும், ஒன்றும் வராததையும் டைப்பிஸ்ட் பார்த்தார். பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஆபீஸ் விட்டு வந்ததும் செருப்பக்கூட கழட்ட மாட்டேன், அதப் போட்ருவேன். அது கூப்பிடும். வந்துட்டேன்டா செல்லம்னு சொல்லிட்டுதான் லைட்டே போடுவேன். பாட்டு எப்படி இருக்கும்னுகூட எனக்குத் தெரியாது. பதினாலு வருஷம்மா. அதையும் அழிச்சிட்டா இந்த வீட்ல எங்கிட்ட பேச யாரு இருக்கா?"

அந்த நேரத்தில் மனைவியின் குரலில் எஞ்சியிருந்தது சொற்பம். கடைக்கு வேண்டிய கணக்குச் சொற்கள், மழை வருது, கதவ சாத்து, சாவி எங்க என்பது போல அன்றாடத்துக்கான வெறும் பேச்சு. அதோடு இன்னொன்று. பதினான்கு வருடமாக எவ்வளவு நெருக்கடி வந்தும் அதை மட்டும் கொடுக்காமல் அடியில் வைத்திருந்தாள். மகள் ஒருநாள் கூப்பிடும்போது சொல்வதற்கு வைத்திருந்தாள். அது என்ன என்று மெக்கானிக்குக்குத் தெரியும். அவள் வாய் திறப்பதற்கு முன்பே வேண்டாம் என்று தலையாட்டினார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

"கூப்பிடுற சத்தம் எம்பொண்ணோடது, அத எனக்குக் குடுத்துருங்க," என்றாள். "பதில் சொல்ற சத்தம் எங்கிட்ட இருக்கு. அத உங்களுக்குத் தர்றேன். இனிமே நீங்க கூப்பிடுங்க. நீங்க யாரையும் கூப்பிட்டதில்லையே."

டைப்பிஸ்டுக்கு அது புரிய நேரமாயிற்று. புரிந்ததும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஷட்டரைப் பாதி இறக்கி, சிவப்பு பல்பைப் போட்டார்கள். தம்பியும் தையல்காரரும் வந்து வெறும் கையோடு சுவரோரம் நின்றார்கள். மெக்கானிக் நாடாவை ஓடவிட்டார். இந்தத் தடவை சும்மா ஓடவிடும் நேரம் மட்டும்தான், அதற்குப் பின்னால் பாட்டு எதுவும் இல்லை. மனைவி பதினான்கு வருடத்துக்கு முன்னால் குழந்தை நின்ற இடத்தைப் பார்த்தாள். உதட்டுக்குப் போன விரலை இறக்கிக்கொண்டு, "என்னடா கண்ணு, இதோ வந்துட்டேன்" என்றாள். ஏழு விநாடி ஆயிற்று. அரை ஷட்டர் குழுவின் கடைசிப் பதிவு அது. விமர்சகர் அதைக் கேட்டதே இல்லை. மெக்கானிக் அதை ஒரே ஒரு கேசட்டில் இறக்கிவிட்டு ஸ்பூலைச் சுத்தமாக அழித்தார். அவளுக்குக் கொஞ்சம் மிஞ்சுமோ என்று நப்பாசை. மிஞ்சியது மூச்சுதான்.

அன்று மாலை மூன்றாவது மாடி அறையில் டைப்பிஸ்ட் தன் கையாலேயே பொத்தானை அழுத்தி முதல் பிரதியின் ஏழு விநாடியை அழித்தார். மகள் "அம்மா" என்றாள். போனது எந்தக் குரலோ அந்தக் குரல்தான் திரும்பி வந்தது. வளர்ந்த பெண்ணின் வாயிலிருந்து, ஷட்டருக்கு அடியில் குனியாமல் நுழையும் ஒரு மூன்று வயதுக் குழந்தை கூப்பிட்டது. மனைவி வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது, தொண்டை அசைந்தது, அவ்வளவுதான். மகள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வாயிருந்தும் வார்த்தை வராத அந்த முகம் தன் முகம் என்று அவளுக்குத் தெரிந்தது. மெக்கானிக் படியில் உட்கார்ந்து, கேட்கிறவர் யார் என்ற கவலை இல்லாமல், வாய்விட்டு அழுதார். அவருடைய அழுகை மட்டும் எந்த நாடாவிலும் ஏறவில்லை.

பிறகு டைப்பிஸ்ட் எழுந்து போய்ப் புதுக் கேசட்டைப் பிளேயரில் போட்டு, மகளைப் பார்த்து, "இன்னொரு தடவ கூப்பிடும்மா" என்றார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் மூவரும் அங்கே போகிறார்கள். மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. பஸ்ஸில் அவள் அம்மா என்று கூப்பிட்டால், எந்தக் குழந்தை தொலைந்தது என்று முன்பெல்லாம் கண்டக்டர் தேடுவார், பழகியபின் விட்டுவிட்டார். வாரநாட்களில் டைப்பிஸ்ட் தானே கூப்பிட்டு, தானே பதிலைக் கேட்டுக்கொண்டு, பிறகுதான் லைட்டைப் போடுகிறார். ஞாயிறு நாலு மணிக்கு அவர் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். மகள் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் நின்று "அம்மா" என்கிறாள். "என்னடா கண்ணு, இதோ வந்துட்டேன்" என்று பிளேயர் சொல்கிறது. தாய் அதற்குச் சரியாக உதட்டை அசைக்கிறாள், ஒரு விநாடி முன்பின் ஆவதில்லை. மெக்கானிக் மாடி ஏறுவதில்லை. கீழே தெருவில் ஸ்கூட்டரை அணைத்துவிட்டு நிற்கிறார். கூப்பிடுவதும் பதில் சொல்வதும் அங்கே நன்றாகக் கேட்கும். ஆரம்பத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த எதிர்ப்பக்கத்துச் சலவைக்கடைக்காரர் இப்போது தலை நிமிர்வதில்லை. நாலு மணி ஆகிவிட்டது என்று கடையை எடுத்து வைக்க ஆரம்பிக்கிறார்.